மனிதர் கை எட்டாத நிமிஷங்கள்

ஆகாயப் பிரயாணங்களின் புறப்பாட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். முடிவைப் பார்ப்பவர் மிகச் சிலர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும்போது தேசமே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கைதட்டுகிறது. மறுநாட் காலையில் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை அந்தப் புகைத்தூண் நிறைத்துவிடுகிறது. அந்த ராக்கெட் சுமந்து சென்ற யந்திரமோ, பல மாதங்களோ பல ஆண்டுகளோ கழிந்தபின், எந்தக் கண்ணும் காணாத ஓரிடத்தில், தான் நாடிச் சென்ற பொருளை அணுகி, அதன்மேல் இறங்கியோ மோதியோ தன் பிரயாணத்தை முடித்துக்கொள்கிறது. அந்தச் சில நிமிஷங்களைப்பற்றி நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

விஞ்ஞானிகள் மட்டும் அந்த நிமிஷங்களுக்காகவே பத்து வருஷம் காத்திருக்கிறார்கள். ஒரு பொருளை நெருங்க நெருங்க அதன் படம் தெளிவாகிறது. ஆகவே மிக அருகிலிருந்து எடுத்த, மிக அருமையான படம் எப்போதும் கடைசிப் படமாகவே இருக்கிறது. ஆனால் அறிவுக்கு அத்தனை செழிப்பான அந்த நேரத்தில்தான், பூமியில் உட்கார்ந்திருக்கும் மனிதனால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லாமலும் போகிறது. அவன் முன்னரே யோசித்து எழுதிவைத்த கட்டளைகளைக் கொண்டு யந்திரம் தானே முடிவு செய்துகொள்ளவேண்டும். அவன் யோசிக்க மறந்தவற்றை அந்த யந்திரமும் அறியாது. இந்த உண்மை எவ்வளவு ஆழமானது என்பதைச் சில கலங்களின் இறுதி நேரங்களைக் கொண்டு இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

ஈராஸ் தந்த பாடம்

சூரியனைச் சுற்றிவரும் கிரகங்களல்லாத பாறைத் துண்டுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சுற்றுகின்றன. சில நம் பூமியின் பாதைக்கு அருகிலும் வந்துபோகின்றன. குறுங்கோள்கள் என்று நாம் அழைக்கும் இவற்றோடு தமிழ்நாட்டுக்குள்ள சம்பந்தம் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்டதாகையால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்கள். 1988-இல், ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகனும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டினார்கள். ஆயினும் இவை யாவும் தொலைநோக்கியில் ஒளிப்புள்ளிகளாக மட்டுமே தெரிந்தவை. ஒரு குறுங்கோளின் தரையிலுள்ள கூழாங்கல்லைப் பார்க்க அங்கேயே போனாலன்றி வழியில்லை.

அப்படிப் போனது ‘நியர் ஷூமேக்கர்’ என்ற அமெரிக்கக் கலம். 1996 பிப்ரவரி 17-ஆம் தேதி புறப்பட்ட அது, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள ஈராஸ் என்ற குறுங்கோளை 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சுற்றத் தொடங்கியிருக்க வேண்டும். 1998 டிசம்பரில் எஞ்சின் எரியத் தொடங்கிய உடனே அணைந்துபோனதால், குறுங்கோளைத் தாண்டிச் சென்று, சூரியனை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, 2000 பிப்ரவரி 14-ஆம் தேதிதான் அதை வந்தடைந்தது. ஓராண்டுக் காலம் ஈராஸைச் சுற்றி அளந்து முடித்து, எரிபொருளும் தீரும் நிலைக்கு வந்தபோது, ‘இதை இப்படியே கைவிடுவதா, அல்லது அந்தப் பாறைமீதே இறக்கிப் பார்ப்பதா?’ என்ற கேள்வி எழுந்தது. தரையில் நிற்பதற்குக் கால்களே இல்லாத கலம் அது. இறக்கிப் பார்ப்பது என்றே முடிவு செய்தார்கள்.

2001 பிப்ரவரி 12-ஆம் தேதி அந்தக் கலம் இறங்கிற்று. அப்பொழுது அது பூமியிலிருந்து ஏறத்தாழ 31 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிக்கே அந்தத் தூரத்தைக் கடக்க 17½ நிமிஷம் வேண்டும். ‘கலம் சாய்கிறது’ என்ற செய்தி பூமிக்கு வந்துசேர 17½ நிமிஷம்; ‘நிமிர்த்து’ என்ற கட்டளை அங்கே போய்ச்சேர மற்றொரு 17½ நிமிஷம். ஆகவே, இறங்கும்போது எப்பொழுது எந்த எஞ்சினை எவ்வளவு நேரம் எரிப்பது என்பதெல்லாம் முன்னதாகவே கணித்து அனுப்பப்பட்டிருந்தது. கலம் தன் வேகத்தைப் படிப்படியாகத் தணித்துக்கொண்டே 69 படங்களை அனுப்பிற்று. கடைசிப் படம் 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தது. சில சென்டிமீட்டர் அளவேயுள்ள கற்களும் அதில் தெரிகின்றன. அந்தப் படத்தின் மேற்பகுதி தெளிவாகவும் கீழ்ப்பகுதி வெறும் கோடுகளாகவும் இருப்பதை இன்றும் பார்க்கலாம். அதை அனுப்பிக்கொண்டிருந்த நடுவிலேயே கலம் தரையைத் தொட்டுவிட்டது.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான் நிகழ்ந்தது. கலம் உடையவில்லை, அதன் சமிக்ஞை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஈராஸின் ஆகர்ஷண சக்தி பூமியினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தரையைத் தொட்ட வேகமும் வினாடிக்கு 2 மீட்டருக்குக் குறைவு. இறங்குவதற்கென்று செய்யப்படாத அந்த யந்திரம், குறுங்கோளின் மண்ணை ஒட்டியபடியே கிடந்து, அந்த மண்ணிலுள்ள மூலகங்கள் எவை என்ற செய்தியை 2001 பிப்ரவரி 28 வரை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஜப்பானியரின் ‘ஹயபுசா’ கலத்தின் முடிவு வேறு விதமானது. இடோகாவா என்ற சிறிய குறுங்கோளை 2005-இல் தொட்டுவிட்டுத் திரும்பிய அது, வழியில் எஞ்சின்கள் பழுதாகியும் தொடர்பு அறுந்தும் தத்தளித்து, 2010 ஜூன் 13-ஆம் தேதி பூமியை வந்தடைந்தது. குறுங்கோளின் மண் துகள்கள் அடங்கிய சிமிழைக் கழற்றிவிட்டபின் அந்தக் கலத்துக்கு வேறு வேலை இல்லை; சில மணி நேரத்தில் காற்று மண்டலத்தில் எரியப்போகிறது. எஞ்சிய அவகாசத்தில் அதைப் பூமியின் பக்கம் திருப்பி ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். அந்தப் படமும் முழுதாக வரவில்லை. அனுப்பும்போதே தொடர்பு நின்றுவிட்டது. கலம் எரிந்து போயிற்று. சிமிழ் மட்டும் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பத்திரமாக வந்து விழுந்தது.

தூரமும் பாரமும்

குறுங்கோளில் இறங்குவதற்கும் சந்திரனில் இறங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குறுங்கோள் தொலைவில் இருக்கிறது, ஆனால் இழுக்கும் வலிமை அதற்கு இல்லை. சந்திரன் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் பூமியின் ஆகர்ஷணத்தில் ஆறில் ஒரு பங்கு வலிமையோடு இழுக்கிறது. ஈராஸில் தவறு செய்தவனுக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு, கட்டளை போய்ச் சேருவதுதான் கஷ்டம். சந்திரனில் கட்டளை ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும், திருத்திக்கொள்ளத்தான் அவகாசம் கிடையாது. இரண்டு இடங்களிலும் முடிவு ஒன்றே: இறங்கும் வேளையில் யந்திரத்துக்கு யந்திரமே துணை.

இந்தக் கஷ்டத்தின் அளவைத் தெரிந்துகொள்ள எங்கள் விழுப்புரம் ஜங்ஷனை ஒரு க்ஷணம் நினைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் ரயில் அங்கே பிளாட்பாரத்தில் சரியாக நிற்கவேண்டுமானால், டிரைவர் முண்டியம்பாக்கத்தைக் கடக்கும்போதே வேகத்தைக் குறைப்பதில் கவனமாகிறார். அவருக்குத் தண்டவாளம் உண்டு, சிக்னல் உண்டு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்த பிரேக்கும் உண்டு. சந்திரனைச் சுற்றும் கலத்தின் வேகமோ வினாடிக்கு 1.68 கிலோமீட்டர், சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையேயுள்ள 160 கிலோமீட்டரை ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும் வேகம் அது. தண்டவாளம் இல்லாத, காற்றே இல்லாததால் பாராசூட்டும் பயன்படாத ஒரு வெளியில், எதிர்த்திசையில் எஞ்சினை எரித்தே அவ்வளவு வேகத்தையும் பூஜ்யமாக்கி, முன்பின் அறியாத தரையில் நாலு கால்களையும் ஊன்றி நிற்கவேண்டும்.

இந்தியா இதில் படிப்படியாகத்தான் இறங்கிற்று. முதற்படி, நிற்கவேண்டும் என்ற கவலையே இல்லாமல் விழுவது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-ஆம் தேதி புறப்பட்டது. அதிலிருந்து நவம்பர் 14-ஆம் தேதி இரவு 35 கிலோ எடைகூட இல்லாத ஒரு சிறு பெட்டி கழன்று, மூவர்ணக் கொடியைப் பக்கங்களில் தாங்கியவண்ணம், சந்திரனின் தென்துருவத்தை நோக்கி 25 நிமிஷ நேரம் விழுந்தது. அந்த 25 நிமிஷமே அதன் ஆயுள். விழுந்துகொண்டே படம் எடுத்தது, உயரத்தை அளந்தது, சந்திரனைச் சூழ்ந்த மிக மெல்லிய வாயுவில் நீராவியின் அடையாளம் இருப்பதையும் பதிவு செய்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்துக்கு அனுப்பிவிட்டு மோதி அழிந்தது.

2019 செப்டம்பர் 7

இரண்டாம் படி, நிற்பது. குமரி மாவட்டத்துச் சிவன் இஸ்ரோவின் தலைவராகவும், சென்னையைச் சேர்ந்த வனிதா திட்ட இயக்குநராகவும் இருந்த சந்திரயான்-2, 2019 ஜூலை 22-ஆம் தேதி புறப்பட்டது. அதன் ‘விக்ரம்’ என்ற இறங்குகலம் செப்டம்பர் 7-ஆம் தேதி விடியலுக்கு முன், 1 மணி 38 நிமிஷத்துக்கு, 30 கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சின்களை மூட்டிற்று. பெங்களூரில் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில், கலம் இறங்கவேண்டிய பாதை முன்னரே ஒரு வளைகோடாக வரையப்பட்டிருந்தது. கலம் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டும் பச்சைப் புள்ளி ஒன்று அந்தக் கோட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பிரதமரும், நாட்டின் பல பாகங்களிலிருந்து வந்திருந்த பள்ளி மாணவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதற்கட்டம் குறையின்றி முடிந்தது. வினாடிக்கு 1683 மீட்டராக இருந்த வேகம், உயரம் 7.4 கிலோமீட்டருக்குக் குறையும்போது 146 மீட்டராகத் தணிந்திருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் பச்சைப் புள்ளி வளைகோட்டை விட்டு மெல்ல விலகிற்று, பிறகு நின்றுவிட்டது. 2.1 கிலோமீட்டர் உயரம்வரை இறக்கம் எதிர்பார்த்தபடி இருந்ததென்றும், அதன்பின் தொடர்பு அறுந்ததென்றும் சிவன் அறிவித்தார். விக்ரம், குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் தரையில் மோதிச் சிதறிவிட்டது.

என்ன நேர்ந்தது? பின்னாளில் இஸ்ரோவின் தலைவரான சோமநாத் அதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். வேகத்தைத் தணிக்க வைத்திருந்த ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகவே உந்தின. அந்தச் சிறு பிழை வினாடிதோறும் சேர்ந்துகொண்டே வந்தது. அதைச் சரிசெய்யக் கலம் மிக வேகமாகத் திரும்பவேண்டியிருந்தது. ‘இவ்வளவுக்குமேல் வேகமாகத் திரும்ப நேராது’ என்று நினைத்து மென்பொருளில் எழுதியிருந்த வரம்பு அதைத் தடுத்தது. இறங்குவதற்கென்று குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தச் சிறு சதுரத்தைச் சென்றடையவேண்டும் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, தரையை நெருங்கிய நிலையிலும் கலம் தன் வேகத்தைக் கூட்டிற்று. யந்திரம் கட்டளையை மீறவில்லை. கட்டளைகளை ஒரு துளியும் தவறாமல் நிறைவேற்றியே அழிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான அந்தக் கட்டளைகள், ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று முரண்படக்கூடும் என்பதை எழுதியவர்கள் முன்கூட்டி எண்ணவில்லை.

சிதறிய துண்டுகளைக் கண்டுபிடித்ததும் ஒரு தமிழரே. அமெரிக்காவின் நாசா நிறுவனம் தன் சந்திரச் சுற்றுகலம் எடுத்த படத்தை அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே பொதுமக்களின் பார்வைக்கு வெளியிட்டிருந்தது. சென்னையில் பணிபுரிந்துவந்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். மோதிய இடத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் வடமேற்கே கிடந்த துண்டு அது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் நாசா அவர் பெயரைச் சொல்லி அதை உறுதிப்படுத்திற்று.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்

அந்தத் தோல்விக்குச் சில மாதங்களுக்குள் அடுத்த திட்டத்தின் பொறுப்பு வீரமுத்துவேல் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன், விழுப்புரத்து ரயில்வே பள்ளியில் படித்து, அந்த ஊர்ப் பாலிடெக்னிக்கிலேயே மெக்கானிக்கல் டிப்ளமா பெற்று, சென்னையிலும் திருச்சியிலும் பொறியியல் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டமும் பெற்றவர். விண்கலத்தின் மின்னணுப் பெட்டிகளை அதிர்விலிருந்து காப்பது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. கெடாரிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நாள்தோறும் நடக்கும் தெருக்களில் நடந்து வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைவிட, அவரும் அவருடைய சகாக்களும் வேலையை எந்த இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

‘எல்லாம் சரியாக நடந்தால் கலம் எப்படி இறங்கும்?’ என்ற கேள்வியை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ‘எது எது தவறலாம்? அது தவறினாலும் கலம் எப்படி இறங்கும்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் ஒன்று தவறினால்? உயரம் அளக்கும் கருவி பொய் சொன்னால்? கணக்கில் சிறு பிழை சேர்ந்துகொண்டே போனால்? ஒவ்வொன்றையும் கணினியில் மறுபடி மறுபடி நிகழ்த்திப் பார்த்து, அதற்கேற்பக் கலத்தை மாற்றினார்கள். நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை எடுத்துவிட்டு நான்கோடு நிறுத்தினார்கள், கால்களை உறுதியாக்கி, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி செய்தார்கள், எரிபொருளை அதிகமாக்கினார்கள், தரைக்கும் கலத்துக்குமுள்ள சார்பு வேகத்தை லேசர் ஒளியால் நேரடியாக அளக்கும் புதிய கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். இறங்கும் இடத்தை 500 மீட்டர்ச் சதுரத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிவாக்கினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவியவை, சந்திரயான்-2-இன் சுற்றுகலம் மேலிருந்து எடுத்து அனுப்பிய நுட்பமான படங்கள். தோற்றுப்போனதாக நாம் நினைத்த திட்டத்தின் ஒரு பாதி, அடுத்த திட்டத்துக்கு வழிகாட்டியாகச் சந்திரனைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பரிசோதனைக்குச் சந்திரனின் மண் வேண்டுமே? அதற்கும் தமிழ்நாடு இடம் கொடுத்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கிராமங்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற பாறையைப் பொடித்தால், சந்திரனின் மேட்டுநில மண்ணை மிகவும் ஒத்த மண் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் அதை ஆராய்ந்து, ஏறத்தாழ 50 டன் அளவுக்கு இஸ்ரோவுக்கு அனுப்பியிருந்தார்கள். சக்கரங்களும் கால்களும் முதலில் மிதித்துப் பழகியது நாமக்கல் மண்ணைத்தான்.

2023 ஜூலை 14-ஆம் தேதி புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை 5 மணி 45 நிமிஷ அளவில் இறங்கத் தொடங்கிற்று. மேகம் மறைக்காத இடங்களில் அந்நேரம் தென்வானத்தில் ஏறத்தாழ அரைவட்டமாக நிலவு தெரிந்தது. கலம் இறங்கவேண்டிய இடம் அதன் தென்கோடியில், 69 டிகிரி தெற்கு அட்சரேகைக்கு அருகே. இறக்கத்தைத் தொடங்குவதற்கான கட்டளை போனபின் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் செய்வதற்கு ஒன்றுமில்லை. எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர்கள் வேலை.

முதலில் பதினொன்றரை நிமிஷம், கலம் ஏறக்குறையப் படுத்த நிலையில், எதிர்த்திசையில் எஞ்சின்களை எரித்துக்கொண்டே 700 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து, 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தது. அங்கே பத்து வினாடி நேரம் தன் நிலையை அசையாமல் வைத்துக்கொண்டு, கீழே தெரியும் தரையைப் படமெடுத்து, நினைவில் வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று நிச்சயித்துக்கொண்டது. சென்றமுறை விபரீதம் நேர்ந்த கட்டம் அடுத்து வந்தது. ஏறத்தாழ மூன்று நிமிஷம் நீடித்த அந்தக் கட்டத்தில் கலம் நிமிர்ந்தது. 800 மீட்டர் உயரத்தை நெருங்கிற்று. புள்ளி கோட்டை விட்டு விலகவில்லை. பிறகு நேர்கீழாக இறங்கி, 150 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பாறையோ பள்ளமோ கீழே இருக்கிறதா என்று காமிராக் கண்ணால் பார்த்து, இடத்தைத் தேர்ந்துகொண்டு, மெல்ல இறங்கி, 6 மணி 4 நிமிஷத்துக்குத் தரையைத் தொட்டது. கால்களிலிருந்த உணர்கருவிகள் தரை தட்டுப்பட்டதை அறிவித்ததும் எஞ்சின்கள் ஓய்ந்தன. எஞ்சின் வாயுக்களால் 2 டன்னுக்கு மேற்பட்ட புழுதி கிளம்பி நூறு சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பில் சிதறியதை, மேலே சுற்றிய கலத்தின் படங்களைக் கொண்டு பிற்பாடு கணக்கிட்டார்கள்.

பதினான்கு நாள் வாழ்வு

இறங்கியது முடிவன்று; முடிவு அதற்குப் பின்னால் வந்தது. சந்திரனில் ஒரு பகல் என்பது நமக்குப் பதினான்கு நாள். சூரிய ஒளியிலேயே உயிர்வாழும் அந்த யந்திரத்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் அவ்வளவே. அந்தக் குறுகிய காலத்தில் அதன் சிறு வண்டி நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக உருண்டு, மண்ணில் கந்தகம் இருப்பதை அந்த இடத்திலேயே உறுதிசெய்தது. தரையில் குத்தி நிறுத்திய வெப்பமானி, மேற்பரப்பு வெயிலில் கொதிக்கையில் வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிர் இருப்பதைக் காட்டியது. செப்டம்பர் 3-ஆம் தேதி, முந்தியதன் பெயரையே தாங்கிய விக்ரம் என்ற இந்த இறங்குகலம் தன் எஞ்சின்களை மறுபடி மூட்டி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரம் எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கிற்று. சந்திரனிலிருந்து ஒருநாள் திரும்பிவரவேண்டிய நம் கலங்களுக்கு அதுவே முதற் பயிற்சி.

மறுநாள் கருவிகளை நிறுத்தி அதை உறங்க வைத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரியையும் தாண்டிய குளிரில் பதினான்கு நாள் இரவைக் கழிக்க அது செய்யப்பட்டதன்று. செப்டம்பர் 22-ஆம் தேதி சூரியன் உதித்தபின் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஆயினும் அதன் உச்சியில் பொருத்தியிருந்த, 5 சென்டிமீட்டர் அகலமே உள்ள நாசாவின் கண்ணாடிக் கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 12-ஆம் தேதி, 100 கிலோமீட்டர் தொலைவில் பறந்த அமெரிக்கச் சுற்றுகலம் அதை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தியபோது, ஒளி திரும்பி வந்தது. சந்திரனில் ஓர் அளவுக்கல்லாக விக்ரம் இன்னும் பயன்படும்.

மோதலே இலக்கு

இதுவரை பார்த்தவற்றில் முடிவு என்பது பிரயாணத்தின் கடைசிப் பகுதி. முடிவே பிரயாணத்தின் நோக்கமாக இருந்த கலமும் ஒன்றுண்டு. சந்திரயான்-3 இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், நமக்கு 2022 செப்டம்பர் 27-ஆம் தேதி விடியற்காலை 4 மணி 44 நிமிஷத்துக்கு, ‘டார்ட்’ என்ற அமெரிக்கக் கலம் 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் டைமார்ஃபஸ் என்ற குறுங்கோளின்மீது வேண்டுமென்றே மோதியது. குறுங்கோளின் அகலம் ஏறத்தாழ 160 மீட்டர். கலத்தின் வேகம் வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல். கடைசி நாலு மணி நேரம் அதை ஓட்டியது அதன் கணினியே. மோதுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்புதான், டைடிமஸ் என்ற பெரிய பாறையின் பக்கத்தில் இந்தச் சிறு பாறை ஒரு தனிப்புள்ளியாகவே அதன் கண்ணுக்குத் தெரிந்தது.

வினாடிக்கு ஒரு படம் வீதம் அது அனுப்பிக்கொண்டே வந்தது. புள்ளி முட்டையாயிற்று, முட்டை கற்குவியலாயிற்று, கடைசி முழுப்படத்தில், 30 மீட்டர் அகலமுள்ள ஒரு நிலப்பகுதியில் கூரிய பாறைகளும் அவற்றின் நிழல்களும் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்த படத்தில் மேலே ஒரு துண்டு மட்டுமே வந்தது. மற்றது வெறும் பரப்பு. அந்தக் குறுங்கோள் டைடிமஸைச் சுற்றிவர 11 மணி 55 நிமிஷமாக இருந்த காலம், மோதலுக்குப் பின் அரைமணி நேரத்துக்கும் அதிகமாகக் குறைந்துவிட்டதைத் தொலைநோக்கிகள் காட்டின. ஆகாயத்திலுள்ள ஒரு பொருளின் பாதையை மனிதன் மாற்றியது அதுவே முதல் தடவை.

வேடிக்கைக்காகச் செய்ததன்று இது. அபோஃபிஸ் என்ற குறுங்கோள் 2029 ஏப்ரல் 13-ஆம் தேதி பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், நம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்தைவிடவும் அருகில், கடந்து செல்லப்போகிறது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அது பூமியில் மோதாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேறொன்று என்றேனும் மோத வருமானால் அதை விலக்கப்போகும் கலமும், நம் கை எட்டாத தூரத்தில், தன் கடைசி நிமிஷங்களைத் தனியாகவே நடத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே, இந்தக் கலங்களின் சரித்திரத்தைப் படிப்பவர் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். ஈராஸில் கால் இல்லாத கலம் நின்றதற்கு இடமளித்தது அந்தக் குறுங்கோளின் மெலிந்த ஆகர்ஷணம். சந்திரனில் அத்தகைய சலுகை இல்லை. 2019-க்கும் 2023-க்கும் இடையே சந்திரன் மாறவில்லை, அதன் இழுப்பு மாறவில்லை, ‘எது தவறும்?’ என்று கேட்டுப் பார்க்கும் துணிவு ஒன்றே புதிதாக வந்தது. அந்தத் துணிவைப் பெறப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. கெடாரிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நிற்கும் மாணவ மாணவிகள், புத்தகத்து விடையோடு பொருந்தாத அளவுகளை ரப்பரால் அழித்துவிடாமல், ஏன் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைப்பார்களாக; அவர்களுடைய ஆசிரியர்களும் அதற்கு மதிப்பெண் கொடுப்பார்களாக.